மாறுவதற்கென்று ஒரு கோப்புறை

இதை வாசிக்கும் உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக அழைக்கவில்லை. நடுவர் நாற்காலியில் அமர்ந்தவர்களை என் பக்கம் சாய்ப்பதற்கு எந்தச் சொல்லில் குரலை உயர்த்த வேண்டும், எந்தச் சொல்லுக்குப் பின் மூச்சை நிறுத்த வேண்டும் என்று முறையாகப் பயின்றவன் நான். விழுப்புரத்தில் கல்லூரியில் படித்த மூன்றாண்டுகளில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுவதும் கோப்பைகளால் நிறைந்தது. ஒரே தலைப்பில் முற்பகலில் ஆதரித்தும் பிற்பகலில் எதிர்த்தும் பேசி, இரண்டிலும் பரிசு வாங்கிய நாள் உண்டு. அதனால் உங்களிடம் தீர்ப்புக் கேட்டால் பழக்க தோஷத்தில் இதிலும் வென்றுவிடுவேன். அந்த வெற்றியைச் சுமக்க இப்போது உடம்பில் வலு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருங்கள்.

நான் சொல்லப்போவது ஒரு பெண்மணியைப் பற்றி. பெயரைச் சொல்ல மாட்டேன்; அவரும் எங்கும் தம் பெயரைப் பதித்தவர் அல்லர். நிரல் எழுதுகிறவர்கள் கோப்பின் முதல் வரியில் தம் பெயரைப் போட்டுக்கொள்வது வழக்கம். அவர் தேதியைப் போடுவார், என்ன மாற்றினார் என்று எழுதுவார், ஏன் மாற்றினார் என்று எழுதுவார். அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் என் பெயரைப் பட்டத்துடன் பொறித்திருந்தேன். அவர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா பேச்சாளரே, கல்யாணப் பத்திரிகை அடிக்கறீங்களா?"

அன்று முதல் நான் அவருக்குப் பேச்சாளர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் 'ங்க' போடாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். உரிமையாளர், அவர், நான் ஆக மூவர். உள்ளூர்க் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் இணையதளம் செய்துகொடுப்பது தொழில். நாள்தோறும் மணிக்கணக்கில் மின்சாரம் போய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மின்விசிறி நின்றதும் கீழேயிருந்து ரப்பர் வாடை ஏறி வரும். நான் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்வேன். அவர் மரக்காணத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவார். காலை பத்து மணிக்கே இருவரும் ஒரு பகல் உழைத்தவர்களைப் போலிருப்போம்.

இணையதளம் கட்டுவதற்கு ஆயத்தமான சட்டகம் ஒன்று உண்டு. ஃப்ரேம்வொர்க் என்போம். அதை விரித்தவுடன் கோப்புறைகள் வரிசை கட்டி நிற்கும். திரையில் தெரிவதற்கு ஒன்று, தகவலை எடுத்து வருவதற்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே நின்று வேலை வாங்குவதற்கு ஒன்று. ஓரமாக 'கான்ஃபிக்' என்று இன்னொன்று இருக்கும். தளத்தின் முகவரி, கடவுச்சொல், தொலைபேசி எண் என்று நாளைக்கு மாறக்கூடியவை அதற்குள் போகும். அவசரத்தில் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். தளம் ஓடத்தான் செய்யும். அப்படி ஓடுவதை அவரால் பொறுக்க முடியாது.

"இது எங்க இருக்குன்னு என்னைக் கேக்காதீங்க பேச்சாளரே. எங்க இருக்கணும்னு யோசிங்க. அங்கதான் வச்சிருப்பேன்."

இதைக் கேட்டு, வீட்டிலும் எதையும் வரிசையாக அடுக்கி வைக்கும் ஒருவரை நீங்கள் கற்பனை செய்துகொண்டால் தவறு. அவருடைய கைப்பைக்குள் பேருந்து அட்டை, சீப்பு, பாதி தின்ற மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை, இரண்டு மூடியற்ற பேனா, எதற்கென்றே தெரியாத சாவிகள் எல்லாம் ஒன்றோடொன்று புரண்டு கிடக்கும். பேருந்து அட்டையைத் தேடிப் பையை மேசைமேல் கவிழ்ப்பது வாரம் இருமுறை நடக்கும். சாப்பாட்டு டப்பாவை மாற்றி எடுத்து வந்து, அண்ணன் கடலுக்கு எடுத்துப் போக வேண்டிய கேப்பைக் களியை இங்கே தின்றுகொண்டிருப்பார். ஒருநாள் நான் கேட்டேன்.

"ஃபைல்ல இவ்ளோ ஒழுங்கு பாக்கறீங்க. பையி ஏங்க இப்படி இருக்குது?"

"இது என் பையி. நான் மட்டும்தான் கைய உடுவேன்." திரையைக் காட்டினார். "அதுல யார் யாரோ கைய உடுவாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது."

நான் எளிதில் ஒப்புக்கொள்கிறவன் அல்லன். நாள்தோறும் வாதிட்டேன். தேதியைத் தமிழில் மாற்றிக் காட்டும் ஒரு சிறு நிரலை எந்தக் கோப்புறையில் வைப்பது என்று ஒரு பிற்பகல் முழுவதும் பேசியிருக்கிறேன். பயன்படும் இடத்துக்கு அருகிலேயே பொருள் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சமையலறை உப்புச் சாடியிலிருந்து கோயில் உண்டியல்வரை உவமை கொடுத்தேன். உரிமையாளர் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் பெண்மணி கன்னத்தில் கை வைத்து இறுதிவரை கேட்டார்.

"சூப்பரா பேசறீங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"அப்ப இங்கியே இருக்கட்டுமா?"

"இல்லீங்க, அது பொதுக் கோப்புறைல இருக்கட்டும். ஜெயிச்சது நீங்கதான்."

மண்டபத்து விவகாரத்தைச் சொல்லாவிட்டால் அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தை எங்களுக்கு முன்பு வேறொருவர் செய்திருந்தார். மண்டபத்தின் கைப்பேசி எண்ணைப் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே எழுதிவிட்டுப் போயிருந்தார். மண்டபத்தார் எண்ணை மாற்றினார்கள். நான் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் புதிய எண்ணைப் போட்டு முடித்தேன். ஐந்தாறு மாதம் கழித்து ஒருவர் காக்கிச் சட்டையோடு மாடியேறி வந்தார்.

"யாருங்க இங்க வெப்சைட்டு? ஒரு வாரமா பேஜாரா கீது. முகூர்த்த நாள் காலியா கீதான்றாங்க. ஏசி இருக்கான்றாங்க. ஒரே டைம்ல எத்தினி பேரு உக்காரலாம்னு ஒருத்தரு கேட்டாரு. பின்னால மூணு பேரு, டிரைவர் பக்கத்துல ஒருத்தருன்னேன். திட்டிட்டு வச்சிட்டாருங்க."

மண்டபம் கைவிட்ட எண் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். பெண்மணிதான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணா. டீ சாப்டுங்க. சாயந்தரத்துக்குள்ள நின்னுடும்."

"நிஜமாவா தங்கச்சி? நேத்து நாதஸ்வரத்துக்கே ஆள் சொல்லச் சொல்லிட்டாங்க."

தேடி மாற்ற இரண்டு நிமிடம் போதும் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மதிய உணவையும் தள்ளிவைத்து, எண் இருந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, அங்கெல்லாம் எண்ணை நீக்கிவிட்டு, கான்ஃபிக் கோப்புறையில் ஒரே ஒரு கோப்பில் அதை வைத்தார். மற்றப் பக்கங்கள் அங்கே வந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"இந்தத் தடவை நீங்க இருக்கீங்க, எங்கெங்க இருக்குன்னு தேடறீங்க" என்றார். "அடுத்த தடவை மாத்தறவங்க புதுசா வந்தவங்களா இருப்பாங்க. அவங்களும் அந்த அண்ணனும்தான் மாட்டிக்குவாங்க."

இனி அந்தக் குறுஞ்செய்தி வேலை. ஒரு தொண்டு அமைப்பு, மரக்காணம் பக்கத்துக் குப்பங்களுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து தரும்படி எங்களிடம் கேட்டது. வானிலை அலுவலகத்தின் எச்சரிக்கை வந்ததும் எங்கள் தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், படகு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் செய்தி போய்விடும். முதலில் அவருடைய குப்பத்தில் தொடங்குவதென்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வீடு வீடாகப் போய் எண் வாங்கினார். சிலர் கொடுக்க மறுத்தார்களாம். "ஏம்மா, கடலப் பாத்தா எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டவர்களிடம், "தெரியும் சித்தப்பா. எனக்காகக் குடுங்க" என்று சொல்லி வாங்கியிருக்கிறார். ஆகவே அந்தப் பட்டியலிலிருந்த ஒவ்வோர் எண்ணும் அவர் முகத்துக்காகக் கொடுக்கப்பட்டது. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

செய்தியின் வாசகத்தை எழுதும் பணி எனக்கு வந்தது. ஆழிப் பெருங்கடல் ஆர்ப்பரிப்பதாகத் தொடங்கி, அலைகளின் சினம் தணியும்வரை ஆருயிர் காக்குமாறு முடித்திருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"நல்லா இருக்குங்க. இதப் படிச்சி முடிக்கறதுக்குள்ள எங்க அண்ணன் பாதி தூரம் போயிருப்பாரு."

பிறகு அவரே எழுதினார்: 'காத்து ஜாஸ்தி. இன்னிக்கு கடலுக்குப் போவாதீங்க.'

கான்ஃபிக் கோப்புறைக்குள் அவர் இரண்டு உள் கோப்புறைகளை உண்டாக்கினார். ஒன்று சோதனைக்கு, மற்றொன்று உண்மைக்கு. இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு கோப்பு. எங்கள் மடிக்கணினியில் ஓடும்போது தளம் சோதனைக் கோப்பைப் படிக்கும். வெளியே, சர்வரில் ஓடும்போது உண்மைக் கோப்பைப் படிக்கும். சோதனைக் கோப்பில் ஐந்தே எண்கள்: என்னுடையது, அவருடையது, உரிமையாளருடையது, கீழே டயர் கடைக்காரருடையது, பெண்மணியின் அண்ணனுடையது. பொத்தானை அழுத்தினால் ஐந்து பேருக்குப் போகும். செய்தியின் முன்னால் 'சோதனை' என்ற சொல்லும் சேரும். உண்மைக் கோப்பில் குப்பம் முழுவதும் இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள், தொண்டு அமைப்பினர் விழுப்புரத்தில் ஒரு கூடத்தில் இதைச் செய்து காட்டும்படி கேட்டார்கள். வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், பேசத் தெரிந்தவன் வரட்டும் என்றார்கள். உரிமையாளர் என்னை அனுப்பினார். முதல்நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் திரையில் வந்தது: '5 பேருக்கு அனுப்பப்பட்டது.'

ஐந்து. அந்த எண்ணிக்கை என் பேச்சை அவமதித்தது. கடலோர மக்களின் உயிரைக் காக்கும் கவசம் என்று நான் குரலை உயர்த்தி முடிக்கும் இடத்தில் திரை ஐந்து என்று சொல்லும். கைதட்டலுக்கு அது போதாது. ஒரு பெரிய எண் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். உண்மைக் கோப்புறையிலிருந்த கோப்பை எடுத்துச் சோதனைக் கோப்புறையிலிருந்த கோப்பின்மேல் நகலெடுத்து வைத்தேன். மடிக்கணினியில் ஓடுவதால் செய்தி அந்த ஐந்து பேரைத் தாண்டிப் போகாது, எண்ணிக்கை மட்டும் மாறும் என்று நம்பினேன். செய்தி அனுப்பும் நிறுவனம் கடவுச்சொல்போலத் தந்திருந்த சாவியும், 'சோதனை' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லும் வரியும், எண்களின் பட்டியலும் எல்லாம் அந்த ஒரே கோப்பில்தான் இருந்தன. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பகல் மூன்று மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். நூற்றுக்கணக்கில் ஓர் எண் திரையில் மலர்ந்தது. கூடம் கைதட்டியது. என் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். மேடையில் எனக்கு அது பழக்கம்.

மூன்று மணி என்பது, இரவெல்லாம் வலை விட்டிருந்து மறுநாள் காலையில் திரும்பும் படகுகள் அந்தக் கரையிலிருந்து இறங்கும் நேரம். அன்று கடல் கண்ணாடிபோலக் கிடந்ததாம். பத்து நாள் ஒன்றும் கிடைக்காமல் இருந்துவிட்டு, அன்றுதான் வஞ்சிரம் வந்திருக்கிறது என்று பேச்சு. படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தவர்களின் மடியில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக ஒலித்தன.

திண்டிவனத்தில் அவருக்கும் அதே செய்தி வந்தது, 'சோதனை' என்ற சொல் இல்லாமல். எனக்கு அழைத்தார். அணைந்திருந்தது. அண்ணனுக்கு அழைத்தார்.

"அண்ணே, அது தப்பா வந்துட்ட மெசேஜ். காத்துலாம் இல்ல. நீங்க போங்க."

"நீ அனுப்புனது போவாதன்னு சொல்லுது. இப்ப போன்னு சொல்ற. எதம்மா நம்பறது?"

"நான் சொல்றத நம்புங்க."

"இத்தினி நாளா, நான் சொன்னாலும் நம்பாதீங்க, மெசேஜ நம்புங்கன்னு சொல்லிக்கினு இருந்தியே."

யாரும் இறங்கவில்லை. பட்டியலில் இல்லாத பக்கத்துக் குப்பத்தார் போனார்கள். மறுநாள் காலையில் அவர்களுடைய படகுகள் வஞ்சிரத்தோடு வந்து கரை ஏறியதை இந்தக் குப்பத்தார் நின்று பார்த்திருக்கிறார்கள்.

அன்று காலை அலுவலகத்தில் உரிமையாளர் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். தொண்டு அமைப்பிலிருந்து அவருக்கு அழைப்பு மேல் அழைப்பு.

"எப்பிடிப்பா போச்சு? டெமோ தானே?"

இங்கே நான் பேசிய பேச்சு என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சுகளில் ஒன்று. சாட்சிகளே, உங்களுக்காக அதன் தொடக்கத்தை மட்டும் தருகிறேன்.

"சார், யாரு அழுத்தினாங்கன்றது சின்ன விஷயம். எப்படி முடிஞ்சிதுன்றதுதான் கேள்வி. பட்டியலும் சாவியும் ஒரே ஃபைல்ல ஏன் இருக்கணும்? பூட்டையும் சாவியையும் ஒண்ணா ஒருத்தன் வச்சிட்டுப் போனா..."

பத்து நிமிடம் பேசினேன். சோதனைக்கும் உண்மைக்கும் ஒரே பெயரில் கோப்பு இருப்பதன் ஆபத்தைச் சொன்னேன். இரண்டு வேலைகளை ஒரே இடத்தில் கட்டி வைத்ததன் பிழையைச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமும் சரி. அதுதான் அந்தப் பேச்சின் கொடுமை. நான் சொல்லாமல் விட்டது ஒரு வாக்கியம்தான்: கோப்பை நகலெடுத்து வைத்தவன் நான்.

அவருக்குத் தெரியும். காலையில் வந்ததும் என் மடிக்கணினியை வாங்கிப் பார்த்திருந்தார். கோப்பு எந்த நாளில், எந்த மணிக்கு மாறியது என்பது அதன் அருகிலேயே எழுதியிருக்கும். நான் முடித்ததும் உரிமையாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா சொல்ற?"

அவர் உரிமையாளரைப் பார்த்தே சொன்னார்.

"பேச்சாளர் சொல்றது சரிதாங்க சார். ஒரே ஃபைல்ல வச்சது என் தப்பு. பிரிச்சி வச்சிடறேன்."

"தப்புன்னு ஈசியா சொல்லிட்ட. உங்க ஊர்லயே உன் பேரு போச்சேம்மா."

"வலை காஞ்சது போவட்டும் சார். அடுத்த தடவை நெசமா காத்து வந்தா நம்ப மாட்டாங்களே. எனக்கு அதான்."

அந்தக் கடைசி வாக்கியம் வெளியே வந்தபோது நான் குனிந்து மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டு போகும்போது, நான் வென்றுவிட்டேன் என்பது மட்டும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு அது இனிப்பாக இருக்கும்.

ஐப்பசியில் காற்று வந்தது. இம்முறை வானிலை அலுவலகம் சொல்லி, பகல் இரண்டு மணிக்கு அவரே பொத்தானை அழுத்தினார். சர்வரிலிருந்து, உண்மையான கோப்பைக் கொண்டு. சற்று நேரத்தில் அண்ணனிடமிருந்து அழைப்பு. கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துப் பேசினார். பேருந்து அட்டைக்காகப் பையைக் கிளறிக்கொண்டிருந்தார், உடனே ஊருக்குப் போகவேண்டுமென்று.

"எல்லாரும் சிரிக்கறாங்கம்மா. தங்கச்சி மெசேஜ் வந்திச்சே, நீ போய்ப் போத்திக்கினு படுத்துக்கன்றாங்க."

"சிரிக்கட்டும்ணே. நீங்க போவாதீங்க. நான் பஸ் ஏறிட்டேன்."

அவர் இன்னும் ஏறவில்லை. அட்டை கிடைக்காமல் பையை அப்படியே விட்டுவிட்டு, கையில் கிடைத்த சில்லறையோடு படி இறங்கி ஓடினார்.

குப்பத்துக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் படகுகள் இறங்கியிருந்தன. அண்ணன் போகாமல் இருந்திருப்பார். தங்கையின் பேச்சைக் கேட்டுக் கரையில் உட்கார்ந்தவன் என்ற பெயரைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காற்று மாலைக்குள் ஏறியது. மற்றவர்கள் வலையை அறுத்துவிட்டுத் திரும்பினார்கள். அண்ணனின் படகு கரைக்கு வெகு அருகே, அலை உடையும் இடத்தில் கவிழ்ந்தது. உயிர் தப்பியது. வலது தோள் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் அலுவலகத்துக்கு வந்தார். அதற்குள் குப்பத்திலிருந்து பஞ்சாயத்தாரின் கடிதம் வந்திருந்தது: எங்கள் எண்கள் எல்லாவற்றையும் உங்கள் கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள். அடியில் ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது. தம் சித்தப்பாக்களின் கையெழுத்துகளை அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். கார்த்திகை தொடங்கவில்லை, புயல் மாதம் முழுவதும் இன்னும் மீதமிருந்தது.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எண்களை நீக்காமலே வேலையைத் தொடங்கினார். பட்டியலைத் தனிக் கோப்பாக்கினார். சாவியைத் தனிக் கோப்பாக்கினார். சோதனைக் கோப்புக்கும் உண்மைக் கோப்புக்கும் வேறு வேறு பெயர் வைத்தார். மடிக்கணினியிலிருந்து உண்மைப் பட்டியல் திறக்கவே முடியாதபடி செய்தார். மின்சாரம் போனதும் கணினி தானாக அணையும்வரை செய்தார். இரண்டு நாள் கழித்து உரிமையாளரிடம், சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியோடு போகிறேன் என்றார். ஊரில் அவரைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று காரணம் சொல்லவில்லை. உரிமையாளரும் கேட்கவில்லை.

அவருடைய கடைசி நாளன்று அந்தப் புதிய கோப்பை நான் திறந்தேன். தலையில் வழக்கம்போல் தேதி. அடுத்த வரியில், பட்டியலும் சாவியும் பிரிக்கப்பட்டன என்றிருந்தது. ஏன் என்ற இடத்தில்: 'இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தது தவறு. வேறொருவர் தெரியாமல் கை வைத்துவிட வாய்ப்பு இருந்தது.'

வேறொருவர். தெரியாமல்.

அவர் மேசைமேல் பையைக் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். மின்விசிறி நின்றிருந்தது. நான் போய் எதிரில் நின்றேன்.

"அன்னிக்கே தெரியுமில்ல உங்களுக்கு? ஏங்க சொல்லல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். இரண்டு பேருந்து மாறி வந்த களைப்பு மட்டும்தான் இருந்தது.

"நீங்க பேசிக்கினு இருந்தீங்க பேச்சாளரே. முடிக்கும்போது நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். தேடியது கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டயர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே உரிமையாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "இப்ப சொல்லி என்னப்பா பண்றது" என்றார். பிறகு, "குப்பத்து நம்பர எல்லாம் எடுத்துடவா வேணாமா, அத சொல்லு" என்றார். ஞாயிறுவரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறன்று குப்பத்துக்குப் போனேன். பேருந்திலேயே பேச்சை அமைக்கத் தொடங்கியிருந்தேன், பழக்கம். தொடக்கத்தில் கடல், நடுவில் மன்னிப்பு, முடிவில் கை கூப்பல். உப்பளங்களைத் தாண்டும்போது எனக்கே அருவருப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.

வலை பின்னும் கொட்டகையில் பஞ்சாயத்தார் நால்வர் இருந்தார்கள். நான் யாரென்று தெரிந்ததும் இன்னும் சிலர் வந்து நின்றார்கள். கட்டுப் போட்ட தோளோடு அவர் அண்ணனும் ஓரமாக வந்து உட்கார்ந்தார். மேடை இல்லை. என் செருப்பு மணலில் புதைந்துகொண்டிருந்தது. மூத்தவர் ஒருவர் தலையசைத்தார்.

"சொல்லுப்பா. வெயில் ஏறுது."

"புரட்டாசில வந்த மெசேஜ் உங்க பொண்ணு அனுப்புனது இல்லீங்க. நான்தான். விழுப்புரத்துல நாலு பேரு கைதட்டணும்னு உங்க எல்லா நம்பரையும் எடுத்து வச்சி அமுக்கிட்டேன். போவாதுன்னு நெனச்சேன். போயிடுச்சி. அப்புறம் அத சொல்லாம விட்டேன். பழி அவங்க மேல போச்சு. அவங்க வாயத் தொறக்கல."

ஒருவர் வலை பின்னும் ஊசியைக் கீழே வைத்தார்.

"இத்தினி நாளா எங்க போயிருந்த?" அண்ணன் கேட்டார். குரல் உயரவில்லை. "தங்கச்சி ஊர உட்டே போயிடுச்சி. என் கையி இப்பிடி ஆயிடுச்சி. இப்ப வந்து நிக்கற."

அவர் தோளைப் பார்த்தபடி நின்றேன்.

"செரி, நீதான்னு சொல்லிட்ட" என்றார் மூத்தவர். "நாளைக்கு மறுபடியும் காத்துன்னு வரும். அது நெசம்னு எங்களுக்கு யாரு சொல்றது? அந்தப் பொண்ணும் இல்ல. நம்பர எடுத்துடு, அதான் நல்லது."

"எடுக்காதீங்கய்யா. புயல் மாசம் முடியற வரைக்கும் மட்டும் இருக்கட்டும்."

"நாங்க யார நம்பி வச்சிக்கறது?"

நான் வாயைத் திறந்தேன். அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, கடைசி வரிசையில் நின்ற பெண்களுக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னேன்:

"மரக்காணத்துல ரூம் எடுத்துக்கறேங்க. காத்துன்னு எப்ப மெசேஜ் வந்தாலும், ஒரு மணி நேரத்துல நான் இந்தக் கரைல வந்து நிப்பேன். போறேன்னு சொல்றவங்க என் மூஞ்சப் பாத்து சொல்லிட்டுப் போங்க. போனவங்க கடைசி ஆள் திரும்பி ஏறுற வரைக்கும் நான் இங்கியேதான் நிப்பேன்."